டி.ஓ.எம். போத்தலில் பாபி பர்ன்ஸ்: கலங்கலாக வருகிறது, தைலம் போல இருக்கிறது. எங்கே தப்பு?

செங்காங் தகப்பன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். விஸ்கியில் தண்ணீரோ சோடாவோ ஊற்றிக் குடிப்பதைத் தாண்டி வீட்டில் எதுவும் செய்து பழக்கமில்லை. இப்போது ஒரு காக்டெயில் செய்யப் போய் மூன்று முறை சரியாக வரவில்லை. விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் பிறந்தபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி டி.ஓ.எம். என்கிற மூலிகை மது போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார். பிள்ளை பெற்றவர்கள் தினம் கொஞ்சம் குடித்தால் உடம்பு தேறும் என்பது அவர்கள் வழக்கம். பால் கொடுக்கும் காலத்தில் மது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் கிண்டிக் கொண்டுவந்த லேகியமும் இருந்தது. அதனால் போத்தல் திறக்காமலே அலமாரியில் கிடந்தது.

போன மாதம் வீடியோவில் பேசும்போது என் மச்சான் அதைப் பார்த்துவிட்டார். மனைவியின் அண்ணன், எடின்பரோவில் படித்து அங்கேயே வேலையில் இருப்பவர். "அது பெனடிக்டின் ஆச்சே, அதில் பாபி பர்ன்ஸ் செய்யலாம்" என்றார். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பெயரில் உள்ள காக்டெயில். அவர் பிறந்த ஜனவரி 25-ஐ அங்கே விருந்து வைத்துக் கொண்டாடுவார்களாம். இந்த முறை அந்த நாளில் மச்சான் இங்கே இருக்கிறார். அவர் கையில் ஒரு நல்ல கோப்பையைக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை செய்தவர் அவர்.

கையில் இருப்பவை: சாங்கி விமான நிலையத்தில் வாங்கிய ஜானி வாக்கர் பிளாக் விஸ்கி, மார்ட்டினி ரோஸோ என்கிற இனிப்பு வெர்மூத் (மூன்று மாதம் முன்பு திறந்தது, சமையலறைத் தட்டில் நிற்கிறது), டி.ஓ.எம்.

முதல் முறை மூன்றையும் 30 மி.லி. அளவில் ஊற்றி, ஜிம்முக்குக் கொண்டுபோகும் புரோட்டீன் குலுக்கியில் ஐஸ் போட்டுக் குலுக்கினேன். பழுப்பாகக் கலங்கி மேலே நுரை நின்றது. தித்திப்பு தாங்கவில்லை.

இரண்டாம் முறை டி.ஓ.எம்.மை 15 ஆகக் குறைத்தேன். தண்ணீர் சேர்ந்தால் விஸ்கி கெட்டுவிடும் என்று பயந்து, இரண்டு ஐஸ் கட்டி மட்டும் போட்டு டீக்கரண்டியால் ஐந்தாறு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டேன். தொண்டை எரிந்தது. தைலம் குடித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் முறை எரிச்சலைக் குறைக்க எலுமிச்சையை நாலு சொட்டுப் பிழிந்தேன். மறுபடியும் கலங்கல். மூன்று முறையும் கடைசி மடக்கில் ஏதோ ஒரு வாடை வந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

போத்தல் பழசாகிவிட்டதா, இல்லை நான்தான் தப்பாகச் செய்கிறேனா?

இரவுப்பணி

குலுக்காதீர்கள். பழச்சாறு, பால், முட்டை வெள்ளைக்கரு சேரும் கலவையைக் குலுக்கலாம். எல்லாமே மதுவாக இருந்தால் கரண்டியால் கலக்க வேண்டும். அப்புறம் அந்த வெர்மூத்தை முதலில் ருசி பாருங்கள். அது மூலிகை சேர்த்த ஒயின். திறந்த பிறகு பிரிட்ஜில் இருக்க வேண்டியது. மூன்று மாதம் நம் ஊர் வெயிலில் வெளியே இருந்தது என்றால் புதிதாக வாங்குவதே நல்லது. சின்ன போத்தலாகப் பாருங்கள்.

மலைநாட்டான்

தம்பி, மூன்று முறையும் என்ன செய்தீர்கள் என்பதை இவ்வளவு தெளிவாக எழுதியதால் பதில் சொல்வது எனக்கு எளிதாகிவிட்டது. நான் ஈப்போவில் பிறந்தவன். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல் பார்களில் 14 வருடம் நின்றிருக்கிறேன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனால் கலக்கும் காக்டெயில் என்றால் எனக்கு இன்றும் உயிர்.

போத்தலைச் சந்தேகப்படாதீர்கள். பெனடிக்டின் 40 சதவீத மது, சர்க்கரையும் நிறைய. மூடி வைத்திருந்தால் இரண்டு வருடத்தில் ஒன்றும் ஆகாது.

நீங்கள் எழுதிய பொருள்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: தண்ணீர். விஸ்கி, வெர்மூத், பெனடிக்டின், தண்ணீர் என்று நாலு பொருள் சேர்ந்ததுதான் இந்தக் கோப்பை. அந்த நாலாவது பொருள் ஐஸிலிருந்து கரைந்து வருகிறது. நீங்கள் பயந்தது அதைப் பார்த்துத்தான், உங்கள் இரண்டாம் கோப்பையில் இல்லாமல் போனதும் அதுவே.

கணக்காகப் பார்ப்போம். 60 மி.லி. விஸ்கி, 30 மி.லி. வெர்மூத், 7.5 மி.லி. பெனடிக்டின். மொத்தம் 97.5 மி.லி., அதன் வீரியம் சுமார் 32 சதவீதம். அதை அப்படியே குடித்தால் யாருக்கும் தொண்டை எரியும். ஐஸோடு கலக்கும்போது 22 முதல் 25 மி.லி. வரை தண்ணீர் கரைந்து சேர வேண்டும். அப்போது 120 மி.லி. அளவுக்கு வந்து, வீரியம் 26-க்கு இறங்கும். விஸ்கியின் தானிய மணமும் பெனடிக்டினில் உள்ள மூலிகைகளும் ஒவ்வொன்றாக நாக்குக்குத் தெரிய ஆரம்பிப்பது அங்கேதான். சுண்டக் காய்ச்சிய குழம்பில் எந்த மசாலாவும் தனியாகத் தெரியாது, காரம் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் மல்லி தெரியும், மிளகு தெரியும். உங்களுக்குத் தைலமாகத் தெரிந்தது அந்தச் சுண்டிய நிலை.

"ஐஸைக் குறைத்துப் போட்டால் தண்ணீர் குறையும்" என்று எல்லோரும் நினைப்பார்கள். கோப்பை குளிர்வதே ஐஸ் கரைவதால்தான். கரையாமல் குளிர்ச்சி வராது. இரண்டே கட்டி போட்டால் அவை வேகமாகக் கரைந்து இளகிவிடும், கோப்பையும் சில்லென்று ஆகாது. நிறையப் போட்டால் கட்டிகள் ஒன்றையொன்று குளிரில் வைத்துக்கொள்ளும், அளவாகக் கரையும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் இருக்கட்டும். மது சேர்ந்திருப்பதால் கலவை பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். உதட்டில் வைத்தால் உறைக்கிற அந்தக் குளிர் அப்படித்தான் கிடைக்கிறது.

சரி, குலுக்கினால் என்ன ஆகும்? நீங்கள் தே தாரிக் ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரத்திலிருந்து ஊற்ற ஊற்றக் காற்று உள்ளே போய் நுரைக்கும், தேநீர் திக்காகும். தே தாரிக்குக்கு அதுதான் அழகு. பாபி பர்ன்ஸுக்கு வேண்டியது தேன் நிறத்தில் தெளிவாக நிற்கிற, நாக்கில் கனமாக வழுக்கிப் போகிற பதம். குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துருவலும் சேர்ந்து அந்தப் பதத்தை உடைத்துவிடும். புரோட்டீன் குலுக்கி என்றால் அந்த வெனிலா வாசனை பிளாஸ்டிக்கை விட்டுப் போகவே போகாது. அதை ஜிம்முக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கலக்குவதற்குத் தனிச் சாமான் வாங்க வேண்டாம். அரை லிட்டர் பிடிக்கிற கனமான கண்ணாடிக் குவளையோ, வாய் அகன்ற ஊறுகாய் ஜாடியோ போதும் (ஊறுகாய் வாசனை போனதாக இருக்க வேண்டும்). ஃபலூடா சாப்பிடுகிற நீளக் கரண்டி ஒன்று. டீ வடிகட்டி ஒன்று. அளப்பதற்குப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்ச் வீட்டில் இருக்குமே, அதுபோலப் புதிதாக ஒன்று மருந்துக்கடையில் வாங்குங்கள். 7.5 மி.லி.யை அதைவிடச் சரியாக எந்த பார் அளவையும் காட்டாது.

குவளையையும் குடிக்கும் கோப்பையையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். பிறகு மூன்றையும் ஊற்றி, ஐஸ் நிரப்பி, கரண்டியை உள்ளே விடுங்கள். கரண்டியின் முதுகு கண்ணாடியை ஒட்டியே சுற்ற வேண்டும். பிடி தளர்வாக இருக்கட்டும், ஐஸ் முழுக்க ஒரே கட்டாகச் சுழல வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் மாதம் முழுக்க வெறும் தண்ணீரையும் ஐஸையும்தான் கலக்க விட்டார். பின்னால் திரும்பி நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். கடகடவென்று ஐஸ் மோதினால் "மறுபடியும்" என்பார். சத்தமே இல்லாமல் சர்ரென்று சுழல எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு மாலை தண்ணீரில் பழகினால் கை வந்துவிடும். 30 முதல் 40 நொடி.

போதுமா என்று எப்படித் தெரியும்? வீட்டில் மாவு நிறுக்கும் தராசு இருந்தால் அதுதான் நல்ல வாத்தியார். நான் சொன்ன அளவில் மூன்றையும் ஊற்றினால் சுமார் 96 கிராம் வரும். வடித்த பிறகு கோப்பையில் 115-க்கும் 120-க்கும் நடுவில் நின்றால் சரி. ஐஸில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இரண்டு முறை நிறுத்துப் பார்த்தால் மூன்றாம் முறை தராசு தேவைப்படாது.

இப்போது அந்தக் கடைசி மடக்கு வாடை. உங்கள் ஃப்ரீஸரைத் திறந்து பாருங்கள். மீன் இருக்கிறதா? துருவிய தேங்காய்? அரைத்து வைத்த சம்பால்? ஐஸ் பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். அது தெரிவது கோப்பை கொஞ்சம் சூடேறிய பிறகு, கடைசி மடக்கில். இது வீட்டில் மட்டும் நடப்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் ஐஸ் பெட்டியின் மூடி உடைந்து நாலு நாள் யாரும் மாற்றவில்லை. பக்கத்திலேயே வெங்காயம் நறுக்குவார்கள். ஒரு முதியவர் தன் மார்ட்டினி காக்டெயிலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அந்தக் கோப்பையை நானும் முகர்ந்தேன். அன்றிலிருந்து முதலில் ஐஸை வாயில் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் நான் எதையும் கலக்கியதில்லை.

ஆகவே காய்ச்சி ஆறிய நீரை மூடியுள்ள தட்டில் ஊற்றி, முதல் நாள் இரவே புதிதாக ஐஸ் வையுங்கள். உறைந்ததும் கட்டிகளை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பெரிய கட்டிகளாக இருப்பது நல்லது. வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள், இந்தப் புழுக்கத்தில் இரண்டு நிமிடத்தில் மேலே நீர் கோத்துவிடும். கணக்கில் வராத தண்ணீர் அது.

எலுமிச்சை விஷயம் சுருக்கமாக. சாறு வேண்டவே வேண்டாம். நம் பச்சை எலுமிச்சையும் வேண்டாம், அதன் தோல் எண்ணெய் பெனடிக்டினை அமுக்கிவிடும். மஞ்சள் லெமன் ஒன்று வாங்கி, தோலை மட்டும் விரல் நீளத்துக்குச் சீவி, கோப்பைக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். எண்ணெய் தூறல் போல மேலே விழும். வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவுங்கள், அது கசக்கும்.

கடைசியாக ஒன்று. இது மென்மையாக இறங்கும், ஆனால் ஒரு கோப்பையில் இருப்பது 79 மி.லி. விஸ்கிக்குச் சமமான மது. இரண்டாவது கோப்பையைப் பாதி அளவில் செய்யுங்கள். வண்டி ஓட்டிப் போகிறவருக்கு வேண்டாம்.

லங்காஷயர் அக்கா

தம்பி, உங்கட பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணம், இப்போது இங்கிலாந்தில் பர்ன்லிக்குப் பக்கத்தில் தாதியாக இருக்கிறேன். இந்த ஊரிலும் பெனடிக்டின் வீட்டுச் சாமான் மாதிரித்தான். முதலாம் உலகப் போரில் கிழக்கு லங்காஷயர் படையினர் பிரான்சில், நார்மண்டிப் பக்கம் இருந்தபோது இதைக் குடித்துப் பழகி, திரும்பி வரும்போது அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். சுடுதண்ணீர் விட்டுக் குடிப்பார்கள். "பெனி அண்ட் ஹாட்" என்று பெயர். பர்ன்லியில் உள்ள சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் வருடத்துக்கு ஆயிரம் போத்தலுக்கு மேல் செலவாகிறது. பர்ன்லி அணியின் கால்பந்துத் திடலிலும் ஆட்டத்தன்று விற்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு வயதான நோயாளி, "உனக்கு இருமல் வந்தால் பெனி அண்ட் ஹாட் குடி" என்று எனக்கு வைத்தியம் சொன்னார். எனக்கு உடனே அம்மாவின் மல்லித் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. உங்கள் ஆன்ட்டி கொடுத்ததும் அதே மனதோடுதான். மருந்தாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அது மது. ஆனால் கொடுத்த அன்பு பெரிது. மச்சானுக்குக் கலக்கும் அன்று அவருக்கும் ஒரு சின்னக் கோப்பை கொண்டுபோய்க் கொடுங்கள். ஐஸ் இல்லாமல், சுடுதண்ணீர் விட்டு.

செங்காங் தகப்பன்

மலைநாட்டான் அண்ணே, ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தேன். ஐஸ் தட்டுக்கு நேர் கீழே ஒரு பொட்டலம் நெத்திலி. மனைவி பார்த்துவிட்டு "இதைச் சொல்ல உனக்கு இணையத்தில் ஆள் வேண்டுமா" என்று கேட்டார். இரவுப்பணி சொன்னபடி வெர்மூத்தையும் தனியாகக் குடித்துப் பார்த்தேன். பழைய திராட்சை ரசம் புளித்த மாதிரி இருந்தது, சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, 7.5 மி.லி. பெனடிக்டின் ரொம்பக் குறைவு இல்லையா? இவ்வளவு பெரிய போத்தல் இருக்கும்போது அதன் ருசி தெரிய வேண்டாமா? இரண்டு, அதில் அப்படி என்னதான் இருக்கிறது? மச்சான் கேட்டால் சொல்ல வேண்டும்.

பச்சைப் போத்தல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் 60-க்கு 30 என்ற அளவை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய பாபி பர்ன்ஸில் விஸ்கியும் இனிப்பு வெர்மூத்தும் சரிபாதி, பெனடிக்டின் சில சொட்டுதான். 1930-களில் லண்டனில் அப்படித்தான் செய்தார்கள். 45-க்கு 45, பெனடிக்டின் 3 மி.லி. செய்து பாருங்கள், பழரசம் மாதிரி வட்டமாக இருக்கும். விஸ்கிக்குப் புதிதானவர்களுக்கும் பிடிக்கும்.

இன்னொன்று, மூலிகை மது பிடித்துவிட்டால் அடுத்தது டிப்பெரரி. ஐரிஷ் விஸ்கி, இனிப்பு வெர்மூத், பச்சை ஷார்த்ரூஸ். கலக்கும் முறை இதேதான். பச்சை ஷார்த்ரூஸ் 55 சதவீதம், 130 செடிகொடிகள் சேர்ந்தது. இன்றும் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் கார்த்தூசியத் துறவிகளின் பொறுப்பில்தான் தயாராகிறது. உலகம் முழுக்கக் கேட்டும் உற்பத்தியைக் கூட்டுவதில்லை, ஜெபத்துக்கும் தனிமைக்கும் நேரம் வேண்டும் என்று 2023-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அதனால் கடைகளில் கிடைப்பது கஷ்டம். எனக்கு அந்த முடிவு மேல் பெரிய மரியாதை. கண்ணில் பட்டால் ஒன்று வாங்கி வையுங்கள், இரண்டு வாங்காதீர்கள், அடுத்தவருக்கும் வேண்டும்.

மலைநாட்டான்

பச்சைப் போத்தல் சொல்லும் சரிபாதி அளவு உண்மையான பழைய அளவுதான், நானும் செய்திருக்கிறேன். அன்றைய குறிப்புகளில் குலுக்கச் சொல்லியிருப்பதையும் பார்க்கலாம். ஆனால் தம்பியின் மச்சான் எடின்பரோவில் இருக்கிறவர். அவருக்கு விஸ்கி முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்து 60 சொன்னேன். சரிபாதியில் செய்தால் வீரியம் முதலிலேயே 28 சதவீதம்தான். அப்போது 40 நொடி கலக்கினால் நீர்த்துவிடும், 25 போதும்.

தம்பி, பெனடிக்டின் அளவு பற்றி. பெருங்காயம் நல்லது என்று கை நிறைய அள்ளிப் போடுவோமா? 7.5-ஐத் தாண்டினால் விஸ்கி பின்னால் போய், தேனும் சர்க்கரையும் முன்னால் வந்துவிடும். உங்கள் முதல் கோப்பையில் அது 30 இருந்தது. ருசி தெரிய வேண்டும் என்றால் ஒரு சோதனை செய்யுங்கள்: பெனடிக்டின் இல்லாமல் ஒரு சின்னக் கோப்பை, சேர்த்து ஒரு சின்னக் கோப்பை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். விழுங்கி முடித்த பிறகு மூக்கில் மெல்ல ஏறுகிற வாசனை இரண்டாவதில்தான் இருக்கும். அதன் வேலை அந்த இடத்தில்தான்.

உள்ளே இருப்பது 27 வகைச் செடியும் மசாலாவும். முழு அளவுகளை வெளியில் சொல்வதில்லை. ஆஞ்செலிக்கா, ஹைசாப், எலுமிச்சை மணமுள்ள ஒரு புதினா வகை ஆகியவை முதுகெலும்பு. நமக்குத் தெரிந்த குங்குமப்பூவும் ஜாதிபத்திரியும் உண்டு. தேனும் உண்டு. உங்கள் மாமியாரின் லேகியத்தோடு அது ஒரே அலமாரியில் நின்றது சரியான இடம்தான். துறவி மடத்துப் பழைய குறிப்பு என்று போத்தலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆனால் இன்று நாம் வாங்குகிற பெனடிக்டினை 1863-ல் நார்மண்டியில், ஃபெக்காம் என்ற துறைமுக ஊரில் உருவாக்கியவர் அலெக்ஸாந்த்ர் லெ கிராண்ட் என்ற ஒயின் வியாபாரி. லங்காஷயர் அக்கா சொன்ன நார்மண்டி அதுவே. டி.ஓ.எம். என்பது லத்தீனில் 'மிக நல்லவரும் மிகப் பெரியவருமான இறைவனுக்கு' என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்து.

மச்சானிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ராஃபிள்ஸ் ஹோட்டலின் சிங்கப்பூர் ஸ்லிங்கிலும் இதே பெனடிக்டின் உண்டு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸின் மான்டிலியோன் ஹோட்டலில் 1930-களில் பிறந்த வியூ கரே என்ற காக்டெயிலிலும் உண்டு. ரை விஸ்கி, கொன்யாக் (பிரெஞ்சு பிராந்தி), இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு, பெனடிக்டின் அரை டீக்கரண்டி, பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாறு இரண்டு வகை. எனக்கு மிகவும் பிடித்த கோப்பை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு வாங்க வேண்டிய போத்தல்கள் அதிகம். இப்போதைக்கு நீங்கள் கையில் இருக்கும் மூன்றோடு நில்லுங்கள்.

செங்காங் தகப்பன்

நேற்று ஒத்திகை பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

முந்தின இரவே காய்ச்சிய தண்ணீரில் ஐஸ் வைத்தேன். நெத்திலி இடம் மாறிவிட்டது. புது வெர்மூத், சின்ன போத்தல், பிரிட்ஜில். பழைய காபி ஜாடி ஒன்றைச் சோடா மாவு போட்டுக் கழுவி வைத்தேன். முதலில் வெறும் தண்ணீரில் கலக்கிப் பழகினேன். மகள் பக்கத்தில் ஒரு டம்ளரும் கரண்டியும் வைத்துக்கொண்டு அவளும் சுற்றினாள். அவள் டம்ளரில் சத்தம் அதிகம், என்னுடையதில் கொஞ்சம் குறைவு.

முதல் கோப்பை 25 நொடி. தராசில் 109 கிராம். இன்னும் எரிச்சல் இருந்தது, ஆனால் கலங்கல் இல்லை. இரண்டாவதைப் பாதி அளவில் செய்தேன், 40 நொடி. 59 கிராம் வந்தது, முழு அளவுக்கு 118. மேலே மஞ்சள் லெமன் தோல். அண்ணே, அதே டி.ஓ.எம்., அதே விஸ்கி. முதல் மடக்கில் விஸ்கியின் லேசான புகை, நடுவில் திராட்சை, விழுங்கிய பிறகு குங்குமப்பூப் பால் குடித்த மாதிரி ஒரு வாசனை. ஜாதிபத்திரி என்று நீங்கள் சொன்னதால் தெரிந்ததா, தானாகத் தெரிந்ததா என்று யோசித்துக்கொண்டே மெல்லக் குடித்தேன். கடைசி மடக்கு வரை எந்த வாடையும் இல்லை. மனைவி ஒரு மடக்குக் குடித்துவிட்டு "அண்ணனுக்கு இதையே கொடு" என்றார்.

லங்காஷயர் அக்கா, இன்று காலை ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். போத்தலை இரண்டு வருடம் திறக்கவே இல்லை என்று கேட்டதும் முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு 25-ஆம் தேதி மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுடுதண்ணீர் விட்டு எவ்வளவு கலக்க வேண்டும்?

ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கும். அண்ணே, ஒரே ஜாடியில் ஐந்து பங்கையும் கலக்கலாமா?

லங்காஷயர் அக்கா

பெனடிக்டின் ஒரு பங்கு, சுடுதண்ணீர் இரண்டு பங்கு. கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். ஆன்ட்டிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மலைநாட்டான்

118! மிகவும் சந்தோஷம் தம்பி.

ஐந்தையும் ஒரே ஜாடியில் கலக்காதீர்கள், ஐஸுக்கு இடம் இருக்காது. இப்படிச் செய்யுங்கள்: காலையிலேயே ஒரு சுத்தமான போத்தலில் விஸ்கி 300, வெர்மூத் 150, பெனடிக்டின் 37.5 மி.லி. ஊற்றி, அதோடு நல்ல குடிநீர் 115 மி.லி. அளந்து சேர்த்து மூடிவிடுங்கள். ஐஸ் கரைந்து வர வேண்டிய தண்ணீரை நாமே ஊற்றிவிடுகிறோம். இரவு வரை ஃப்ரீஸரில் படுக்க வையுங்கள். 26 சதவீத மது வீட்டு ஃப்ரீஸரில் கட்டியாக உறையாது, கொஞ்சம் கெட்டியாகும். அன்று ஐஸும் வேண்டாம், கலக்கவும் வேண்டாம். குளிர்ந்த கோப்பையில் ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் புதிதாக லெமன் தோல்.

ஆனால் மச்சானுக்கு மட்டும் அவர் கண்ணெதிரில் கையால் கலக்கிக் கொடுங்கள். போத்தலை வைக்கும் முன் அந்த நெத்திலி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.